பிரான்ஸ் கிராமப்புறத்தில் நடக்க வழிகாட்டிப் புத்தகம் தேவையா?

ஜூன் மாதம் நாஸ்பினாலிலிருந்து கோங்க் வரை நாலு நாள் நடக்கப் போகிறீர்கள். போனில் வரைபடச் செயலி இருக்கும்போது புத்தகத்தையும் சுமக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் எடுத்துப் போங்கள். ஆனால் நடந்துகொண்டே படிப்பதற்கு இல்லை, முந்தின நாள் ராத்திரி படிப்பதற்கு. இதே வழியை நான் இரண்டு முறை நடந்திருக்கிறேன்.

உங்கள் பாதை ஜிஆர் 65; ‘ஜிஆர்’ என்பது பிரான்சின் நெடுந்தூர நடைபாதைகளுக்கான சுருக்கப் பெயர். லு புய் ஊரிலிருந்து பிரனீஸ் மலையடிவாரம் வரை போகும் பழைய யாத்திரைப் பாதை. இப்படிப்பட்ட நெடும்பாதைகளுக்கு பிரெஞ்சு நடைப்பயணக் கூட்டமைப்பு ‘தோப்போ கீத்’ என்ற புத்தகங்களைப் போடுகிறது. வரைபடம், வழி விவரம், எந்த ஊரில் கடை, எந்த ஊரில் தங்குமிடம் எல்லாம் அதில் இருக்கும்.

பாதையில் உங்களைக் கூட்டிப்போவது பெயின்ட் குறிதான். மேலே வெள்ளை, கீழே சிவப்பு, விரல் நீளத்தில் இரண்டு கோடுகள். மரத்தில், கல்லில், வேலிக் கம்பத்தில் என்று எங்கேயும் இருக்கலாம். அதே இரண்டு நிறத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. வெறும் மஞ்சள் கோடு உள்ளூர்ச் சுற்றுப்பாதைக்கானது. அதன் பின்னாலேயே போனால் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும்.

முதல் முறை போனபோது சேன் ஷெலி தோப்ராக் என்ற ஊரைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் பழைய கற்சிலுவை, பாதை இரண்டாகப் பிரிகிறது. புத்தகத்தில் ‘ஆ த்ருவாத்’ என்று இருந்தது. நேராகப் போகச் சொல்கிறது என்று நினைத்து நேராகவே நடந்தேன். நூறடி போயிருப்பேன், ஒரு மரத்தில் அந்தப் பெருக்கல் குறி. திரும்பி வந்து, சிலுவைக்குப் பக்கத்திலேயே நின்று மறுபடி படித்தேன். ‘ஆ த்ருவாத்’ என்றால் வலது பக்கம். நேராக என்பதற்கு ‘து த்ருவா’. கடைசியில் ‘த்’ ஒலிக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது! வலது பக்கம் திரும்பினேன்; இருபது அடியில் பாசி படிந்த கல் ஒன்றில் வெள்ளையும் சிவப்பும் தெரிந்தன. அன்றைக்கு வந்த நிம்மதி இன்னும் நினைவிருக்கிறது.

பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பத்து வார்த்தை கற்றுக்கொண்டால் போதும். ‘கோஷ்’ என்றால் இடது. ‘கல்வேர்’ வழியோரச் சிலுவை, ‘ஆமோ’ நாலைந்து வீடுகள் உள்ள குடியிருப்பு, ‘லவ்வார்’ ஊர்ப் பொதுத் துணி துவைக்கும் துறை. புத்தகம் பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான் வழி சொல்லும். ராத்திரி உட்கார்ந்து மறுநாளைக்கு வேண்டிய ஏழெட்டு அடையாளங்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஓப்ராக் மேட்டு நிலத்தில் மரமே குறைவு, மூடுபனி இறங்கினால் அடுத்த குறி கண்ணுக்குத் தெரியாது. அப்போது ‘இடது பக்கம் கற்சுவர், அப்புறம் மரக்கதவு’ என்ற சீட்டு வரி எவ்வளவு தைரியம் கொடுக்கும் என்று பாருங்கள். அந்தக் கதவுகளைத் திறந்தால் மறக்காமல் மூடிவிடுங்கள். உள்ளே மாடுகள் மேய்கின்றன. கன்றோடு நிற்கும் பசுவைச் சுற்றி விலகிப் போங்கள்.

புத்தகம் சொல்லும் நேரம் சமதரையில் மணிக்கு 4 கிலோமீட்டர் கணக்கு. உட்கார்வதும் சாப்பிடுவதும் அதில் சேராது. 5 மணி நேரம் என்று போட்டிருந்தால் நான் 7 மணி நேரம் ஒதுக்குவேன்.

கடை விஷயத்தில் மட்டும் புத்தகத்தை முழுசாக நம்ப வேண்டாம். ரொட்டிக்கடை இருப்பது உண்மைதான், திங்கட்கிழமை அது மூடியிருக்கலாம். மத்தியானத்திலும் பல கடைகள் இரண்டு மூன்று மணி நேரம் சாத்தியிருக்கும். முந்தின ஊரிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கிவிடுங்கள்.

தண்ணீர் தீர்ந்துவிட்டால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். ‘நோன் பொத்தாப்ளு’ என்று பலகை மாட்டியிருந்தால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை.

பழைய புத்தகம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். பாதையை அவ்வப்போது மாற்றுகிறார்கள். பதிப்பு ஆண்டைப் பார்த்து, இருப்பதில் புதியதை வாங்குங்கள். அப்படியும் புத்தகம் ஒரு பக்கம் சொல்லி, பெயின்ட் குறி வேறு பக்கம் காட்டினால் குறி காட்டும் பக்கமே போங்கள்.