குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் போர்த் தண்ணீர்

கேள்வி: சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி வீடு வாங்கியிருக்கிறோம். போர்த் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, வாடையும் இல்லை. காய்ச்சிக் குடித்தால் போதும் என்கிறார் வீட்டை விற்றவர். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். காய்ச்சினால் கிருமிதான் சாகும். உப்பும் ஈயம் மாதிரியான உலோகங்களும் அப்படியே இருக்கும், தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடவும் செய்யும். லேப் முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை கிலோமீட்டர் என்ற தூரத்தை மட்டும் வைத்து யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. குப்பையில் மழை இறங்கி, டீ டிகாஷன் நிறத்தில் ஒரு சாறு கசிகிறது. அது நிலத்தடியில் எந்தப் பக்கம் நகர்கிறது, உங்கள் போர் அந்த வழியில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முறையான நிலநிரப்பு தளம், அதாவது குப்பையைக் கொட்டவென்றே அமைத்த இடம் என்றால், அடியில் 90 செ.மீ. களிமண்ணும் அதன் மேல் 1.5 மி.மீ. பிளாஸ்டிக் விரிப்பும் போட்டிருக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகள் சொல்லியிருந்தன. பெருங்குடியில் அப்படி எதுவும் போடாமல், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலேயே பல வருடம் கொட்டினார்கள். அந்தப் பகுதி சமதளம் வேறு, அதனால் சுற்றியுள்ள அடுக்குமாடிகள் ராத்திரி பகலாக மோட்டார் போட்டு இழுத்தால் நிலத்தடி நீர் போகும் திசையே மாறிவிடும்.

லேபில் வெறும் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு) பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். குளோரைடு, அம்மோனியா, நைட்ரேட், ஈயம் எல்லாம் கேளுங்கள். குளோரைடு மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு ஓடுவதால் முதலில் வந்து சேர்வது அதுதான், ஆனால் கடல் பக்கத்தில் இருப்பதால் உவர்ப்பு நீராலும் அது ஏறும். கூடவே அம்மோனியாவும் ஏறியிருந்தால் கிடங்கின் மேல் சந்தேகம் வலுக்கும், ஆனால் செப்டிக் டேங்க் கசிந்தாலும் அம்மோனியா வரும். அதனால் உங்கள் தண்ணீரை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல், கிடங்கின் மறுபக்கத்தில், அதே ஆழத்தில் உள்ள ஒரு போரிலும் சாம்பிள் எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, தை மாதம் ஒரு தடவை எடுத்தால் நல்லது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து செய்தால் செலவும் குறையும், நாலைந்து இடத்து எண்களும் கையில் இருக்கும்.

காற்றையும் மறக்காதீர்கள். மட்கும் குப்பையிலிருந்து வரும் வாயுவில் பாதியளவு மீத்தேன், எளிதில் தீப்பிடிக்கும். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் கிடங்கு எரிந்தபோது சுற்றுவட்டார மக்கள் நாள்கணக்கில் புகையில் தவித்தார்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் கோடையில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கவனியுங்கள்.

கேள்வி: பயோமைனிங் செய்து, அதாவது பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து, அள்ளிவிட்டால் ஆபத்து தீர்ந்துவிடுமா?

பதில்: தீயும் புதுக் கசிவும் வெகுவாகக் குறையும், செய்ய வேண்டிய வேலைதான் அது. ஆனால் ஏற்கெனவே நிலத்தடிக்குப் போன சாறு உடனே காணாமல் போகாது. சலித்தெடுக்கும் மண்ணிலும் உலோகம் இருக்கலாம், சோதிக்காமல் அதை வயலுக்கோ பள்ளத்துக்கோ கொடுக்கவே கூடாது. மூடிய நிலநிரப்பு தளத்தையே குறைந்தது 15 வருடம் கண்காணிக்கச் சொல்லியிருந்தன அந்த 2016 விதிகள். குப்பை போன இடத்திலும் நிலத்தடி நீரைத் தொடர்ந்து சோதிக்கிறார்களா என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள், பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு முடிவுகளை வாங்குங்கள்.