அதிரட்டுமா, அணைத்துவிடலாமா?

வீடியோ கேம் கன்ட்ரோலர் அதிர்வு பற்றியே கேள்விகள் குவிந்துவிட்டதால் இந்த இதழ் முழுக்க அதற்கே. மற்றவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள்க.

கன்ட்ரோலர் அதிர்ந்தால்தான் விளையாட்டு விளையாட்டாக இருக்கிறது என்கிறேன் நான். 'கைக்குத்தான் எரிச்சல், முதல் வேலையா ஆஃப் பண்ணு' என்கிறான் தம்பி. யார் பக்கம் நியாயம்?
– மதுரை வாசகர்

எந்த கேம், எந்த மோட்டார் என்று கேட்காமல் தீர்ப்புச் சொன்னால் உங்களில் ஒருவருக்கு அநியாயம் நடந்துவிடும்.

பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ், கடையில் கிடைக்கும் பெரும்பாலான பிசி கன்ட்ரோலர்கள் எல்லாவற்றிலும் இரண்டு கைப்பிடிக்குள்ளும் ஆளுக்கொரு சின்ன மோட்டார் இருக்கும். அதன் தண்டில் அரைவட்டமாக வெட்டிய உலோக எடை. எடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால், சுற்றும்போது கன்ட்ரோலரையே பிடித்து ஆட்டும். வாஷிங் மெஷினுக்குள் ஜமுக்காளம் ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டால் ஸ்பின் நேரத்தில் மெஷினே நடக்கத் தொடங்குமே, அதே கதை.

இந்த அமைப்பில் இரண்டு குறை. வேகமும் பலமும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை; சுற்றும் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். எனவே மெதுவான ஆனால் பலமான அதிர்வு, வேகமான ஆனால் மென்மையான அதிர்வு என்று பிரித்துக் கேட்டால் ஒரே மோட்டாரால் தர முடியாது. அடுத்தது, வேகம் பிடிக்கவும் நிற்கவும் அதற்கு ஒரு நொடியில் நூறில் சில பங்காவது வேண்டும். நிமிடத்துக்கு 600 தோட்டா சுடும் துப்பாக்கி என்றால் நொடிக்கு 10 வெடி. ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். பத்து உதைகள் தெரிய வேண்டிய இடத்தில் 'டர்ர்ர்' என்று ஒரே இரைச்சல்தான் கையில் மிஞ்சும். உங்கள் தம்பி வெறுப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சின் கன்ட்ரோலரான ஜாய்கானிலும், 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸிலும் அதிர்வுக்கென்று சுற்றும் மோட்டார் கிடையாது. ஸ்பீக்கரில் உள்ளதுபோல காந்தமும் கம்பிச்சுருளும் முன்னும் பின்னும் அசையும். வேகம், பலம் இரண்டையும் தனித்தனியாகச் சொல்லலாம், நொடிப்பொழுதில் நிறுத்தலாம். ஸ்விட்ச் வந்த அன்றே வெளியான '1-2-ஸ்விட்ச்' கேமில் ஜாய்கானைப் பெட்டிபோலச் சாய்த்து, உள்ளே எத்தனை கோலி உருள்கிறது என்று கையாலேயே எண்ணும் ஆட்டம் ஒன்று உண்டு. உள்ளே கோலியே கிடையாது என்று தெரிந்தும் கை நம்ப மறுக்கும். தம்பியிடம் அதை ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

மோட்டார் ஒரு பக்கம் இருக்கட்டும், தோலும் நரம்பும் இன்னொரு பக்கம். விரல் நுனிக்கு அதிர்வு மிக நன்றாக உறைப்பது நொடிக்கு ஏறக்குறைய 250 தடவை ஆடும்போது. ஆனால் ஒரே மாதிரி நீடித்தால் நரம்பு பழகிவிடும். ஊதுபத்தி ஏற்றிய அறையிலேயே உட்கார்ந்திருப்பவருக்கு வாசனை தெரியாமல் போவதுபோல. அப்புறம் மிஞ்சுவது மரத்துப்போன கை மட்டும். ஆகவே நல்ல அதிர்வு குட்டியாக இருக்கும், வந்த வேகத்தில் போய்விடும், ஏதாவது ஒரு சேதி சொல்லும்.

கார் பந்தயத்தில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 2013 முதல் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களில் ட்ரிகர்களுக்கு (ஆட்காட்டி விரலால் அழுத்தும் பட்டன்கள்) உள்ளேயும் தனியாக இரண்டு சின்ன மோட்டார்கள் உண்டு. ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்டில் ஏபிஎஸ்ஸை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். வளைவுக்கு முன் இடது ட்ரிகரை அழுத்த அழுத்த, சக்கரம் பூட்டிக்கொள்ளும் இடத்தில் ஆட்காட்டி விரலுக்கடியில் படபடவென்று அடிக்கும். அந்த நொடியில் ட்ரிகரைச் சற்றே தளர்த்தினால் சக்கரம் மறுபடி உருளும், ஸ்டீயரிங் கேட்கும். திரையில் தேடிக்கொண்டிருந்தால் கார் அதற்குள் மணலில் இருக்கும்.

எதிர்ப்பக்க உதாரணம்: கதைக்காட்சியில் ஹெலிகாப்டர் பறக்கிறது என்பதற்காக முக்கால் நிமிடம் விடாமல் அதிரும் கேம்கள். நீங்கள் எதையும் அழுத்தவில்லை, உங்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை, கை மட்டும் நடுங்குகிறது. குற்றம் மோட்டார் மீதல்ல. கேமைச் செய்தவர்கள் மீது.

ஷூட்டிங் கேமில் தம்பி சொல்வதைக் கேளுங்கள். கார் பந்தயத்தில் அவர் உங்கள் பேச்சைக் கேட்கட்டும்.

முழுக்க அணைக்காமல் குறைக்க வழி உண்டா?
– ஈரோடு வாசகர்

பிளேஸ்டேஷன் 5-இல் செட்டிங்ஸ், ஆக்சஸரீஸ், கன்ட்ரோலர் என்று போனால் 'வைப்ரேஷன் இன்டென்சிட்டி' இருக்கும். ஸ்ட்ராங், மீடியம், வீக், ஆஃப் என நான்கு நிலை. கீழேயே ட்ரிகரின் இறுக்கத்துக்கும் அதேபோல ஒன்று. அது வேறு, இது வேறு. பலர் ட்ரிகர் விறைப்பைத்தான் 'வைப்ரேஷன் தொல்லை' என்று திட்டிக்கொண்டிருப்பார்கள். ஸ்விட்சில் சிஸ்டம் செட்டிங்ஸில் ஆன், ஆஃப் இரண்டே. அங்கே குறைப்பதென்றால் கேமின் சொந்த மெனுவில்தான் தேட வேண்டும்.

'வீக்'கில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அங்கேயே பஞ்சாயத்து முடிந்துவிடும்.

ஆன்லைன் ஷூட்டிங் கேமில் குறி தவறுவதற்கு அதிர்வு காரணமாகுமா?
– கோவை வாசகர்

ஆகும். கட்டைவிரல் ஸ்டிக்கின் மேல் மில்லிமீட்டர் கணக்கில் நிற்கிறது. அதே நேரத்தில் கைப்பிடி ஆடினால் விரலும் ஆடும். தொலைவில் இருப்பவரைக் குறிவைக்கும்போது அந்தச் சின்ன ஆட்டமே தலையைத் தாண்டிவிடப் போதும். ரேங்க் ஆட்டத்தில் அணைத்துவிடுங்கள். முதுகில் அடி விழுந்தது தெரிய வேண்டுமானால் ஹெட்போன் போதும்.

என் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் இடது பக்கம் பலமாகவும் வலது பக்கம் லேசாகவும் அதிர்கிறது. வலது மோட்டார் போய்விட்டதா?
– சேலம் வாசகர்

இல்லை. அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இடப்பக்கம் பெரிய எடை, மெதுவான கனத்த ஆட்டம்; வலப்பக்கம் சின்ன எடை, வேகமான மெல்லிய ரீங்காரம். இடி, மோதல் இடதுக்கு. சரளைக்கல், மழை வலதுக்கு. கழற்றிவிடாதீர்கள்.

பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் அதிரும்போது உள்ளே ஏதோ கடகடவென்று அடிக்கிறது. நானே சரிசெய்ய முடியுமா?
– திருச்சி வாசகர்

வாரன்டி முடிந்திருந்தால் முடியும். முதலில் அணைத்துவிட்டு, காதோரம் வைத்துக் குலுக்குங்கள். அப்போதே சத்தம் வந்தால் உள்ளே உடைந்த பிளாஸ்டிக் துண்டோ, கழன்ற ஸ்க்ரூவோ உருள்கிறது. அதிரும்போது மட்டும் சத்தம் என்றால் மோட்டார் தன் பள்ளத்தில் தளர்ந்திருக்கிறது, அல்லது எடை எதன் மீதோ உரசுகிறது.

பின்னால் நான்கு ஸ்க்ரூ. பிலிப்ஸ் 00 அளவு டிரைவர்தான் வேண்டும். பெரியதைப் போட்டால் தலை மழுங்கிவிடும். மேலோட்டை ஒரேயடியாக இழுக்காதீர்கள். இரண்டு பாதியையும் ஒரு குட்டையான தட்டை ரிப்பன் கேபிள் இணைக்கிறது. அரை அங்குலம் திறந்து, அதைக் கழற்றிய பிறகே பிரிக்க வேண்டும். அடுத்து பேட்டரி பிளக். மோட்டாரைத் தொடுமுன் பேட்டரி வெளியே இருக்க வேண்டும். கன்ட்ரோலர் இப்போது கவிழ்ந்து கிடப்பதால் இடமும் வலமும் மாறித் தெரியும், குழம்பாதீர்கள்.

மோட்டார் உடல் ஆடுகிறதா என்று விரலால் பாருங்கள். ஆடினால் 1 மி.மீ. கனமுள்ள இரட்டைப்பக்க ஃபோம் டேப்பை ஒரு சுற்று சுற்றினால் போதும். சுற்றும் எடை மேல் டேப் படவே கூடாது. ஃபெவிகுவிக் மாதிரிப் பசையை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தண்ணீராக ஓடும் பசை தண்டின் இடுக்கில் இறங்கினால் மோட்டார் அப்படியே இறுகிவிடும். தண்டில் தலைமுடி சுற்றியிருந்தால் ட்வீசரால் எடுங்கள். வயர் எடையின் பாதையில் தொங்கினால் ஒதுக்கி வையுங்கள்.

சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை என்றால் வேறு சோதனை. மோட்டார் வயர் ஒன்றை போர்டிலிருந்து சால்டர் உருக்கி எடுத்துவிட்டு, இரு முனைகளையும் சாதாரண 1.5 வோல்ட் பென்சில் செல்லில் தொடுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது. போர்டில்தான் கோளாறு, அது கடைக்காரர் வேலை. சுற்றுகிறது ஆனால் அதிரவில்லை என்றால் எடை தண்டிலிருந்து நழுவியிருக்கும். செல்லிலும் சுற்றாவிட்டால் மோட்டாரை மாற்றுங்கள். வயரை மாற்றிப் பற்றவைத்துவிட்டோமோ என்று பயம் வேண்டாம். எதிர்த்திசையில் சுற்றினாலும் அதிர்வு ஒன்றுதான். பற்றவைப்பு முனையை 2-3 நொடிக்கு மேல் அங்கே வைக்காதீர்கள், போர்டின் செம்புப் பட்டை பெயர்ந்து வரும்.

எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: அதற்கு டி8 செக்யூரிட்டி டார்க்ஸ் டிரைவர், நடுவில் துளை உள்ளது, வேண்டும். ஐந்தாவது ஸ்க்ரூ பேட்டரி அறையில் ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அதை மறந்துவிட்டு நெம்பித்தான் பலர் மேலோட்டை உடைக்கிறார்கள்.

டூயல்சென்ஸ் அதிர்வை எல்லோரும் புகழ்கிறார்கள். என் கம்ப்யூட்டரில் ப்ளூடூத்தில் போட்டால் பழைய கன்ட்ரோலர் மாதிரிதான் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– தூத்துக்குடி வாசகர்

கேபிள் போடுங்கள். யூஎஸ்பியில் இணைத்தால் விண்டோஸுக்கு டூயல்சென்ஸ் நான்கு சேனல் ஒலிக்கருவியாகத் தெரியும். முதல் இரண்டு சேனல் ஸ்பீக்கர், ஹெட்போன். மற்ற இரண்டும் இடது, வலது அதிர்வு. அதாவது நுணுக்கமான அதிர்வு ஒலியாகவே அனுப்பப்படுகிறது. ப்ளூடூத்தில் பெரும்பாலான பிசி கேம்கள் பழைய மோட்டார் பாணி அதிர்வை மட்டுமே அனுப்பும்.

கேபிள் போட்டும் வரவில்லையா? மூன்றைப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஆகும் கேபிளில் டேட்டா வயர் இருக்காது, மாற்றுங்கள். ஸ்பைடர்மேன் ரீமாஸ்டர்டு போல டூயல்சென்ஸை நேரடியாக ஆதரிக்கும் கேமாக இருக்க வேண்டும். கேம் விற்கும் தளமான ஸ்டீமில் வாங்கியதென்றால், அந்த கேமின் பிராப்பர்டீஸில் 'ஸ்டீம் இன்புட்'டை அணைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: கேபிளைச் செருகியதும் கம்ப்யூட்டர் சத்தம் மாயமாகிவிட்டால் பதறாதீர்கள். விண்டோஸ் கன்ட்ரோலரையே ஸ்பீக்கராக எடுத்துக்கொண்டிருக்கும். ஒலி ஐகானில் பழைய ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் திரும்பிவிடும்.

புதிதாக வாங்கிய மலிவு விலை பிசி கன்ட்ரோலர் அதிரவே இல்லை. பட்டன்கள் எல்லாம் வேலை செய்கின்றன.
– வேலூர் வாசகர்

கன்ட்ரோலர் விண்டோஸோடு பேசும் பழைய முறையான டி-இன்புட்டில் இருக்கும். புதிய முறையான எக்ஸ்-இன்புட்டுக்கு மாற்றுங்கள். பல மாடல்களில் நடு பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் மாறும். விளக்கு வேறு மாதிரி எரியும். எத்தனை நொடி என்பது உங்கள் பெட்டியில் வந்த காகிதத்தில் இருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பழைய பிளேஸ்டேஷன் 3 வாங்கினோம். கன்ட்ரோலர் அதிரவில்லை, விற்றவர் 'இதுல அது கிடையாது' என்கிறார். உண்மையா?
– நாகர்கோவில் வாசகர்

உண்மையாக இருக்கலாம். 2006-ல் பிஎஸ்3-உடன் வந்த சிக்ஸாக்சிஸ் கன்ட்ரோலரில் மோட்டாரே இல்லை. அசைவு உணரும் சென்சாருக்கு இடைஞ்சல் என்று அப்போது சோனி சொன்னது. அதே சமயம் இம்மெர்ஷன் நிறுவனத்தோடு அதிர்வுக் காப்புரிமை வழக்கும் ஓடிக்கொண்டிருந்தது. 2007 மார்ச்சில் சமரசம், அந்த ஆண்டு இறுதியிலேயே ஜப்பானில் டூயல்ஷாக் 3. சென்சார் அப்படியே இருக்க, மோட்டாரும் வந்துவிட்டது! மேல்பக்கம் பெயர் அச்சிட்டிருக்கும், பாருங்கள். கையில் எடுத்தாலும் தெரியும். சிக்ஸாக்சிஸ் பொம்மைபோல லேசாக இருக்கும்.

என் மகனுக்கு 14 வயது. விளையாடி முடித்ததும் விரல் மரத்துப்போகிறது என்கிறான். அதிர்வுதான் காரணமா?
– தஞ்சாவூர் வாசகி

காரணங்களில் ஒன்றாக இருக்கலாம் அம்மா. 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மருத்துவர்கள் 15 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள். நாளுக்கு 7 மணி நேரம் வரை, அதிர்வை இயக்கி வைத்தே விளையாடியவன். குளிர் பட்டால் கை வெளுக்கும், சூடேறும்போது சிவந்து வலிக்கும். பாறை துளைக்கும் இயந்திரம் பிடிக்கும் தொழிலாளர்களுக்கு வரும் அதே தொல்லையின் சாயல். அது ஒரே ஒரு பையனின் கதை என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்றே அதிர்வை அணையுங்கள், நேரத்தையும் குறையுங்கள். எந்த விரல் என்று கேளுங்கள். கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். மோதிரவிரலும் சுண்டுவிரலும் என்றால் முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றி விளையாடுகிறானா என்று கவனியுங்கள். இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டாலோ, விரல் வெளுத்தாலோ, தூக்கத்தில் கையை உதறிக்கொண்டு எழுந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இரவில் காட்சி ஓடும்போது கன்ட்ரோலரை டீப்பாயில் வைத்தால் வீடே எழுந்துவிடுகிறது!
– சென்னை வாசகர்

கண்ணாடி டீப்பாயா? அது மோட்டாருக்கு மத்தளம். நான்காக மடித்த துண்டின் மேல் வையுங்கள். நகர்ந்து கீழே விழுவதும் நிற்கும். 1998-ல் வந்த மெட்டல் கியர் சாலிட் கேமில் சைக்கோ மாண்டிஸ் என்ற வில்லன், கன்ட்ரோலரைத் தரையில் வைக்கச் சொல்லிவிட்டு, 'என் மனசக்தியால் நகர்த்துகிறேன் பார்' என்று அதை அதிரவைத்தே நகர்த்திக் காட்டுவான். அந்தக் காட்சிக்கு மட்டும் துண்டை எடுத்துவிடுங்கள்.