சயாம் ரயில் வேலையில் இறந்தவருக்கு எங்கே பூ வைப்பது?

கேள்வி: எங்கள் பெரிய தாத்தா மலாயாவில் ரப்பர் பால் வெட்டப் போனவர். ஜப்பான்காரர் காலத்தில் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் வேலைக்குப் பிடித்துப்போனார்கள், திரும்பவில்லை. டிசம்பரில் எழுபது வயது அம்மாவுடன் காஞ்சனபுரி போகிறோம். கல்லறையை எப்படிக் கண்டுபிடிப்பது? திதி கொடுக்கலாமா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்.

பதில்: காஞ்சனபுரி போர்க் கல்லறையில் அவர் பெயரைத் தேடி வெயிலில் அலையாதீர்கள். ஏறக்குறைய 7,000 பேர் அடங்கிய அந்த இடம் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளுக்கானது. 1942–43-ல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கி.மீ. ரயில் பாதை போட்டபோது அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக மாண்டவர்கள் மலாயா, பர்மா, ஜாவா கூலிகள்தான். காலரா பரவிய முகாம்களில் மொத்தமாகக் குழியில் போட்டார்கள், அல்லது எரித்தார்கள். தனித்தனிக் கல் நட யாரும் இல்லை. பெரிய அநியாயம் அது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே போய் ஏமாற வேண்டாம்.

அம்மாவை அழைத்துப்போக வேண்டிய இடம் கல்லறைக்கு அருகிலுள்ள தவோன் வராராம் புத்தர் கோயில். ‘வாட் யுவான்’ என்றாலும் வழி சொல்வார்கள். பெயர் தெரியாத தொழிலாளர்களுக்கான தூபியும், 2023-ல் தமிழர்கள் நாட்டிய நடுகல்லும் அங்கே இருக்கின்றன. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சன்னதிக்குள் செருப்பு கூடாது. சாமந்தி மாலை, ஊதுபத்தி அந்த ஊரிலேயே கிடைக்கும். படையல் போடுவதானால் பிக்குகளிடம் கேட்டுச் செய்யுங்கள். போர்க் கல்லறையில் பூ மட்டும் போதும்; புல்தரையில் கற்பூரம் ஏற்றாதீர்கள்.

பவானி கூடுதுறையில் எள்ளும் தண்ணீரும் விடுகிறவர்களுக்கு அங்கும் ஒரு கூடுதுறை உண்டு: குவே யாய், குவே நொய் ஆறுகள் ஊருக்குள்ளேயே சேர்கின்றன. எள்ளை அங்கேயே வாங்குங்கள். விதைகளை விமானத்தில் கொண்டுபோனால் சோதனையில் தடுக்கக்கூடும்.

பாங்காக்கில் பலர் பெரிய ரயில் நிலையத்துக்குப் போய் வண்டியைத் தவறவிடுகிறார்கள். காஞ்சனபுரி வண்டி தோன்புரி நிலையத்திலிருந்து நாளுக்கு இரண்டே முறை. முதல் வண்டி காலை எட்டுக்குள் கிளம்பிவிடும். பாதை முடியும் ‘நாம் தோக்’ நிலையம் வரை போவதானால் இடப்பக்கம் உட்காருங்கள். வழியில் தாம் கிராசே என்ற இடத்தில் ஆற்றோரமாகப் போகும் மரப்பாலம் அந்தப் பக்கம்தான் தெரியும். ரயிலுக்காக மலையை வெட்டிய ஹெல்ஃபயர் பாஸில் படிகள் அதிகம். அம்மாவுக்கு முட்டிவலி இருந்தால் மேலேயுள்ள காட்சியகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அனுமதி இலவசம். டிசம்பர் முதல் வாரத்தைத் தவிருங்கள்; காஞ்சனபுரியில் குவே ஆற்று ரயில் பாலத்தில் ஒளி ஒலித் திருவிழாக் கூட்டம் இருக்கக்கூடும்.