பழைய சின்ன கார்: வாங்கறதுக்கு முன்னாடியும் வாங்குன பொறவும் (கேள்வி பதில்)

சின்ன கார்னு இங்கே பேசறது ஆல்டோ, வேகன்ஆர், ஐ10, ஸ்விஃப்ட், டியாகோ வகையறா. கேக்கறவங்க வருசம், ஓடுன கிலோமீட்டர், பெட்ரோலா டீசலா, தினம் எவ்வளவு ஓட்டப்போறீங்கன்னு நாலையும் போட்டுக் கேளுங்க. "நல்ல வண்டி எதுங்க"ன்னு மொட்டையாக் கேட்டா எனக்கும் மொட்டையாத்தான் சொல்ல வரும்.

பல்லடம்: அண்ணா வணக்கமுங்க. முதல் கார். கையில மூணு லட்சம். வீட்டுல அஞ்சு பேரு. தினம் திருப்பூர் போய் வர 35 கி.மீ. 2014 வேகன்ஆர், 2013 ஐ10, 2013 ஸ்விஃப்ட் டீசல் மூணும் பாத்து வெச்சிருக்கேன். எதை எடுக்கட்டுமுங்க?

பதில்: தம்பி, டீசலை முதல்ல ஓரங்கட்டுங்க. உங்க ஓட்டம் வருசத்துக்குப் பத்தாயிரத்துச் சொச்சம்தான். அதுல டீசல் மிச்சம் புடிச்சுக் குடுக்கற காசு, ஒரு டர்போ போனாலோ ரெண்டு இன்ஜெக்டர் ஒழுகுனாலோ ஒட்டுக்காப் போயிரும். ஸ்விஃப்ட்டுல இருக்கற 1248 சிசி இன்ஜின் மட்டமானதுன்னு சொல்லலைங்க. ஃபியட் வடிவமைச்சது, டிசையர், ரிட்ஸ், விஸ்டா, பூண்டோன்னு பல வண்டியில ஓடி நின்னு காட்டுனது. மாசம் 2,000 கி.மீ.க்கு மேல ஓட்டறவங்களுக்கு அது கட்டும், உங்களுக்குக் கட்டாது.

மீதி ரெண்டுல, வேகன்ஆர் 998 சிசி, மூணு சிலிண்டர், டைமிங் செயின் (இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வெக்கற சங்கிலி). சிட்டியில ஓட்ட லேசு, உயரம் இருக்கறதால பெரியவங்க ஏறி இறங்க வசதி, பார்ட்ஸ் எந்த ஊர்க் கடையிலயும் கிடைக்கும். ஐ10-ல ரெண்டு இன்ஜின் வந்துச்சுங்க. 1.2 லிட்டர் கப்பா இன்ஜினுக்குச் செயின். 1.1 லிட்டருக்கு அதே வேலைக்கு பெல்ட். அந்த பெல்ட் ஓட்டத்துல அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிச்சு ஹெட்டை (இன்ஜினோட மேல்பாகம்) பிரிக்கற வேலை வரும். மாத்துன பில் இல்லைன்னா மாத்தலைன்னே வெச்சுக்குங்க. வாங்குன வாரமே பெல்ட், அதை இறுக்கிப் புடிக்கற டென்ஷனர் ரெண்டையும் மாத்தி, வாட்டர் பம்ப்பையும் பாத்துருங்க. ஐ10-ல இன்னொண்ணு: நின்ன இடத்துல ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பும்போது டக் டக்னு சத்தம் வந்தா, உள்ளே ஒரு சின்ன ரப்பர் கப்ளிங் தேஞ்சிருக்கும். பார்ட் விலை ஒண்ணுமில்லை, கழட்டி மாட்டற கூலிதான். விலை பேசும்போது சொல்லிக் குறைக்கலாம்.

அஞ்சு பேருக்கு நான் வேகன்ஆர் பக்கம். ஆனா அந்த வேகன்ஆர் நாலு கை மாறி, ஐ10 ஒரே ஓனர், எல்லா சர்வீஸ் பில்லும் இருக்குதுன்னா, கண்ணை மூடிக்கிட்டு ஐ10. மூணு லட்சத்தையும் வண்டிக்கே குடுத்துராதீங்க. 25,000 ரூபாயாவது தனியா வெச்சு, வந்த வாரமே இன்ஜின் ஆயில் (வேகன்ஆருக்கு 5டபிள்யூ-30 கிரேடு, 3 லிட்டரு பக்கம், ஆயில் அளக்கற டிப்ஸ்டிக் பாத்து ஊத்தணும்), ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிளக், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் மாத்திருங்க. பழைய ஓனர் எப்ப மாத்துனாருன்னு விசாரிக்கற வேலை மிச்சம். அன்னைக்கே தேதியும் கிலோமீட்டரும் எழுதி வெச்சுக்கிட்டா, அதுல இருந்து ஆயிலுக்கு 10,000 கி.மீ. இல்லைன்னா ஒரு வருசம், எது முந்துதோ அது.

பெருந்துறை: கன்சல்டிங்ல (பழைய கார் விக்கற கடை) வண்டி பாக்கப் போறேனுங்க. மெக்கானிக் கூட வர ஆளில்லை. நானே என்னென்ன பாக்கறது?

பதில்: வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்கன்னு போன்லயே சொல்லிருங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா உக்காந்து டீ குடிச்சுட்டு, ஆறுன பொறவு பாருங்க. நோவு இருக்கற இன்ஜின் சூடுல நல்லாத்தான் ஓடும். காலையில முதல் ஸ்டார்ட்லதான் வேஷம் கலையும்.

ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு ஆளைப் பின்னாடி நிறுத்துங்க. நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. கறுப்புன்னா பெட்ரோல் அதிகமாப் போகுது, பெரும்பாலும் சரி பண்ற வேலைதான். வெள்ளைப் புகை காலைக் குளிருல சித்த நேரம் வந்து நின்னா அது வெறும் ஆவி. நிக்காம இனிப்பு வாடையோட வந்தா கூலன்ட் உள்ளே எரியுது, அந்த வண்டி வேண்டாம். ஆயில் மூடியைக் கழட்டி உள்பக்கம் பாருங்க, பால் கலந்த காபி நிறத்துல பிசுக்கு இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

கிளட்ச்சுக்கு ஒரு சோதனை. சமதளத்துல ஹேண்ட்பிரேக்கை முழுசா இழுத்து, மூணாவது கியர் போட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் குடுத்துக்கிட்டே கிளட்ச்சை விடுங்க. இன்ஜின் உடனே நின்னா பிளேட் நல்லா இருக்குது. நிக்காம உறுமிக்கிட்டே இருந்தா பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் செட்டா மாத்தணும். ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பப் பண்ணி நல்ல கிளட்ச்சையும் எரிச்சுராதீங்க.

அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்க பெயிண்டைவிட போல்ட் நல்ல சாட்சி. முன் ஃபெண்டர், பானெட் கீல், கதவுக் கீல் இதுல எல்லாம் போல்ட் தலையில பெயிண்ட் உரிஞ்சு ஸ்பேனர் தடம் தெரிஞ்சா கழட்டி மாட்டியிருக்காங்க. கதவு, பம்பர் மாத்துனது பெரிய விசயமில்லைங்க. ஏப்ரன் (இன்ஜினுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற உள் தகடு), கதவுத் தூண், சேஸி இதுல வெல்டிங் இருந்தா எழுந்து வந்துருங்க. எல்லாக் கண்ணாடியிலயும் வருசக் குறியீடு இருக்கும், ஒண்ணு மட்டும் மாறுனா ஏன்னு கேளுங்க. டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும்; 2319னா 2019-ஆம் வருசம் 23-ஆவது வாரம் செஞ்சது. ஆறு வருசம் தாண்டுன டயர் பட்டன் நல்லா இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். நாலு டயர் விலையைக் கழிச்சுப் பேசுங்க.

சேலம்: 2012 ஆல்டோ, மீட்டர்ல 38,000 தான் காட்டுது. நம்பலாமா?

பதில்: மீட்டரைக் குறைக்கறது அரை மணி நேர வேலை. பெடல் ரப்பர், ஸ்டியரிங் வழுவழுப்பு, டிரைவர் சீட்டு ஓரம் இதெல்லாம் குறைக்க முடியாது. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஓனரையே கூட்டிட்டுப் போய் சர்வீஸ் வரலாறு கேளுங்க. ஒவ்வொரு சர்வீஸ்லயும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். நடுவுல எண் இறங்கியிருந்தா கதை முடிஞ்சுது. நிஜமாவே 38,000 தான்னாலும் ரொம்பச் சந்தோசப்பட வேண்டாமுங்க. நின்னே கிடந்த வண்டியில ஹோஸ், புஷ், ஆயில் சீல் எல்லாம் இறுகிப் போயிருக்கும்.

சிங்காநல்லூர்: சென்னை நம்பர் வண்டி, இங்கே விலையைவிட 60,000 கம்மி. மழைத் தண்ணி வண்டியான்னு எப்படிப் பாக்கறது?

பதில்: 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் முழுகுன வண்டி எக்கச்சக்கம். சந்தேகப்படறது நியாயம்தான். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க. சுருளோட உள் நுனியைக் கழுவ யாரும் மெனக்கெடறதில்லை, சேறு கோடு அங்கேயே நிக்கும். சீட்டுக்கு அடியில தண்டவாளம், போல்ட் துரு. ஸ்டெப்னி குழியில மண். மிதியடிக்குக் கீழே இருக்கற கார்பெட் அடியில ஈர வாடை. டேஷ்போர்டு அடியில ஸ்கேனர் மாட்டற சாக்கெட் பின்னுல பச்சை பூத்திருந்தா உறுதி. ஏர்பேக் இருக்கற வண்டின்னா, சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னா யாரோ பல்பைப் பிடுங்கியிருக்காங்க. தண்ணி வண்டி ஆறு மாசம் நல்லாவே ஓடும். பொறவுதான் ஒவ்வொரு கனெக்டரா அரிச்சு, காரணமே தெரியாம நிக்கும். 60,000 குறைஞ்சது அதுக்குத்தான்.

காங்கேயம்: ஹீட் முள்ளு மேல போகுதுங்க. ரேடியேட்டர்ல தோட்டத்துப் போர் தண்ணிதான் ஊத்திட்டு இருக்கறோம். அதுனாலயா?

பதில்: அதேதானுங்க. நம்ம பக்கத்துப் போர் தண்ணி உப்பு. சூடேறும்போது அந்தச் சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாயிலயும் ஹெட்டுக்குள்ள தண்ணி ஓடற வழியிலயும் படியும். சூட்டுக்குத் தக்கன ரேடியேட்டருக்குத் தண்ணியைத் திறந்து விடற தெர்மோஸ்டாட்டும் பாதியில சிக்கிக்கும். வெந்நீர் காய்ச்சற பாத்திரத்து அடியில படியறதுதான், இங்கே கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சிறுவாணித் தண்ணியே ஆனாலும் வேண்டாமுங்க. துரு தடுக்கற மருந்து அதுல இல்லை.

இன்ஜின் நல்லா ஆறுன பொறவு (சூடுல மூடியைத் தொடவே கூடாது) பழசை இறக்கி, ஃப்ளஷ் போட்டு, தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் அலசச் சொல்லுங்க. தெர்மோஸ்டாட்டைப் புதுசாப் போடுங்க. சில மெக்கானிக் அதைக் கழட்டியே விட்டுருவாங்க, விடாதீங்க. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராம பெட்ரோல் குடிக்கும். சின்ன வண்டிக்கு மொத்தம் 4 லிட்டரு சுத்துலதான் புடிக்கும். கூலன்ட் பாதி, பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர் பாதி. ஊத்துன பொறவு மூடியைத் திறந்து வெச்சு ஓடவிட்டுக் காத்து எடுக்கணும். இத்தனையும் பண்ணி, ஃபேனும் ஓடி, அப்பவும் முள்ளு ஏறுனா, இல்லை கூலன்ட் டேங்க்ல குமிழி வந்துக்கிட்டே இருந்தா, ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில இருக்கற அடைப்புத் தகடு) போயிருக்குது. அதுக்கு மேல ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீங்க.

தாராபுரம்: சாளையில (தோட்டத்து வீடு) வண்டியை நிறுத்தறோம். எலி வயரைக் கடிச்சு ரெண்டு தடவை செலவாயிருச்சு.

பதில்: புகையிலை கட்டி வெக்கறது, நாப்தலின் உருண்டை போடறது எல்லாம் வாடை இருக்கற வரைக்கும்தான். தவுடு, தீவன மூட்டைக்குப் பக்கத்துல நிறுத்தாதீங்க, அதுதான் முதல் வைத்தியம். ஏசி காத்து இழுக்கற வாயிலயும் ஏர் ஃபில்டர் குழாயிலயும் மெல்லிசு கம்பி வலை வெச்சுக் கட்டுங்க. ராத்திரி பானெட்டைத் திறந்து விட்டா எலிக்கு இருட்டுப் பொந்து இல்லாமப் போகும். அறுந்த வயரை முறுக்கி டேப் சுத்தறவங்ககிட்ட விடாம, சால்டர் பண்ணி ஸ்லீவ் போடச் சொல்லுங்க.

உடுமலை: வால்பாறையில இருந்து இறங்கும்போது பிரேக் பெடல் மெத்துனு உள்ளே போயிருச்சுங்க. கொஞ்ச நேரம் நிறுத்துனதும் சரியாயிருச்சு. பேட் புதுசுதான்.

பதில்: அக்கா, பேட் மேல தப்பில்லை, பிரேக் ஆயில் கொதிச்சிருக்குது. அந்த ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 ரக ஆயில் குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் தாங்கும். ஈரம் ஏறுனா அது 155 டிகிரிக்கு இறங்கலாம். ஆழியார்ல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு. பெடல்லயே காலை வெச்சு இறங்குனா டிஸ்க் சூடு அதைத் தாண்டிரும். ஆயில் ஆவியாகுது, ஆவி அமுங்கும், பெடல் கீழே போகும். ஆறுனதும் திரும்ப வந்துரும், அதனாலதான் வொர்க்‌ஷாப்புல காட்டும்போது ஒண்ணும் தெரியாது.

நாலு சக்கரத்துலயும் பழசை முழுசா வெளியேத்திப் புதுசு ஏத்துங்க. மேல டப்பாவுல மட்டும் ஊத்துனா பிரயோசனமில்லை. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா இது கட்டாயம். ஏறுன கியர்லயே இறங்குங்க, ரெண்டாவது போட்டு இன்ஜினே புடிச்சு நிறுத்தட்டும். வேகம் ஏறுனா ஒரு தடவை அழுத்தமாப் புடிச்சு விடுங்க. நியூட்ரல்ல இறங்கறது பெட்ரோல் மிச்சம்னு யாராவது சொன்னா அவங்ககிட்டச் சாவி குடுக்காதீங்க.

பொள்ளாச்சி: பாலக்காட்டு நம்பர் வண்டி வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். அங்கே ஆர்டிஓகிட்ட என்ஓசி (தடையில்லாச் சான்று, படிவம் 28) வாங்கி, இங்கே நம்பர் மாத்தி, நம்ம மாநில ஆயுள் வரி கட்டணும். கேரளாவுல கட்டுன வரியில மிச்சத்தைத் திருப்பிக் கேக்கலாம், நடையா நடக்கணும். வரியைக் கணக்குல சேத்தா விலை வித்தியாசம் கரைஞ்சே போகலாம். மழை நாட்டு வண்டி, லிஃப்ட்ல ஏத்தி அடிப்பக்கத் துருவைப் பாக்காம முன்பணம் குடுக்காதீங்க.

ஈரோடு: வண்டியை வித்துட்டேனுங்க. வாங்குனவர் இன்னும் பேர் மாத்தலை. எனக்கு ஏதாச்சும் வருமா?

பதில்: வரும். ஆர்சியில யார் பேரோ அவங்கதான் சட்டப்படி ஓனர். விபத்துன்னா நஷ்டஈட்டு வழக்கு உங்க வாசலுக்கு வரும். வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்டிஓக்குத் தெரிவிக்கணும். அதுக்குத்தான் படிவம் 29. வாங்குனவருக்குப் படிவம் 30. பேர் மாறிருச்சான்னு பரிவாகன் வெப்சைட்டுல இன்னைக்கே பாருங்க. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள வாங்குனவர் தன் பேருக்கு மாத்தணும். உங்க நோ கிளைம் போனஸ் (கிளைம் பண்ணாததுக்குப் பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி) உங்களுக்குச் சொந்தம், வண்டியோட போகாது. சான்று வாங்கி அடுத்த வண்டிக்கு வெச்சுக்குங்க. கடன்ல எடுத்த வண்டியை வாங்கறவங்களுக்கும் சேத்துச் சொல்லிர்றேன்: பேங்க் என்ஓசியும் படிவம் 35-ம் வந்து எச்பி (ஆர்சியில இருக்கற கடன் பதிவு) கேன்சல் ஆகாம முழுப் பணமும் குடுக்காதீங்க.

நாமக்கல்: ஃபோர்டு ஃபிகோ, செவர்லே பீட் விலை கம்மியா வருது. கம்பெனிதான் மூடியாச்சே?

பதில்: செவர்லே 2017 கடைசியோட விற்பனையை நிறுத்திருச்சு. பீட் வேண்டாமுங்க. ஃபோர்டு 2021-ல இங்கே தயாரிப்பை நிறுத்துறதா அறிவிச்சாலும் சர்வீஸ் ஓடுது. ஃபிகோ ஓட்ட அருமையான வண்டி. ஓடற பார்ட்ஸ் கிடைக்கும். ஹெட்லைட், பம்பர் மாதிரி பாடி பார்ட்ஸுக்குத்தான் காத்திருக்கணும். வீட்டுல வேற வண்டி இருந்தா எடுங்க.

கரூர்: 2010 சான்ட்ரோ. 15 வருசம் முடிஞ்சுது. எஃப்சி பண்ணி ஓட்டலாமா, தள்ளிரலாமா?

பதில்: அடிப்பக்கம் துரு இல்லை, இன்ஜின் ஆயில் குடிக்கலைன்னா ஓட்டுங்க. ஆர்சி புதுப்பிக்கற கட்டணம் 2022 ஏப்ரல்ல 600-ல இருந்து 5,000 ஆச்சு, பசுமை வரி தனி. புதுப்பிச்சா அஞ்சு வருசம். முடிஞ்ச தேதி தாண்டிருச்சுன்னா தாமதக் கட்டணமும் சேரும், அதுவரைக்கும் ரோட்டுல எடுக்காதீங்க. ஐ10 1.1-க்குச் சொன்ன மாதிரி இதுக்கும் டைமிங் பெல்ட்தான், பில் இருக்குதான்னு தேடுங்க. பழைய வண்டிங்கறதால பெட்ரோல் ஹோஸையும் பாத்துருங்க. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் அதுக்குன்னு செஞ்சதில்லை. வெடிப்போ பிசுபிசுப்போ தெரிஞ்சா மாத்துங்க. எஃப்சிக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி ஹெட்லைட், பிரேக் லைட், ஹாரன், வைப்பர், ஹேண்ட்பிரேக் பாத்துட்டு, சேஸி நம்பர் மேல இருக்கற துருவை மண்ணெண்ணெய்த் துணியில துடைச்சு எண் படிக்கற மாதிரி வெச்சுக்குங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, எண் அழிஞ்சா அது வேற வழக்கு.