காற்று எங்கிருந்து வீசியது என்று முதலில் பாருங்கள்

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "ஐயா, உலக யுத்தக் காலத்தில் என் அம்மப்பா திருகோணமலைச் சீனக்குடாவில் வேலை செய்தவர். நீரிலேயே இறங்கி ஏறும் 'பறக்கும் படகு' விமானங்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வள்ளம் அவருடையது. அவர் வைத்திருந்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் கட்டாலினா என்ற பறக்கும் படகு ஒன்று போயாவில், அதாவது நங்கூர மிதவையில், கட்டி நிற்கிறது. மூக்கு கமராவைப் பார்த்தபடி இருக்கிறது, அதில் நல்ல வெயில், பின்னால் தூரத்தில் நகரத்துப் பக்கக் கரை. படத்தின் பின்பக்கம் 1943 என்று எழுதியிருக்கிறது. அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு இதை நீர்வர்ணத்தில் வரைந்து கொடுக்க ஆசை. மூன்று தடவை முயன்றேன். விமானம் கடலில் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் நிற்கிறது, கடல் சேறாகிவிடுகிறது, கடதாசி நெளிகிறது. சோடியாக, எங்கள் ஊரின் பெயர் கொண்ட பழைய பாய்க்கப்பலையும் வரைந்து பார்த்தேன். நான்கையும் அனுப்பியிருக்கிறேன். எங்கே பிழை?"

தம்பி, நான்கையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். உங்கள் கை நல்ல கை. வர்ணத்தைவிடப் பெரிய பிழை வேறு இடத்தில் இருக்கிறது. நான்கு படத்திலும் காற்றே இல்லை.

கப்பலானாலும் பறக்கும் படகானாலும் நிற்கும் திசையைத் தீர்மானிப்பது காற்று. மூக்கில் மட்டும் கட்டிய பறக்கும் படகு, காற்றாடி போலத் திரும்பித் திரும்பிக் காற்றுக்கு முகம் கொடுத்தே நிற்கும். இதை வைத்துக்கொண்டு உங்கள் அம்மப்பாவின் படத்தை இன்னொரு தடவை பாருங்கள். பின்னால் நகரத்துப் பக்கம் தெரிகிறது என்றால், படமெடுத்தவர் சீனக்குடாக் கரையில் நின்று கிழக்கே பார்த்திருக்கிறார். மூக்கு அவரை நோக்கி இருக்கிறது, ஆகவே காற்று மேற்கிலிருந்து வருகிறது. மூக்கில் வெயில் விழுகிறது, ஆகவே சூரியனும் மேற்கே, பின்னேரம். மற்ற மாதங்களில் பின்னேரம் என்றால் இங்கே பெரும்பாலும் கடல் பக்கமிருந்துதான் காற்று. பின்னேரத்தில் மேற்கிலிருந்து வீசுவது கச்சான். வாடைக்காலமாக இருந்தால் மூக்கு வடகிழக்கே திரும்பி, வால்தான் கமராவுக்குத் தெரிந்திருக்கும். ஆக, உங்கள் படம் வைகாசிக்கும் புரட்டாதிக்கும் இடையில் ஒரு பின்னேரம் எடுத்தது என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம்.

இது தெரிந்தவுடன் பாதி வேலை முடிந்துவிடும். நீங்கள் வானத்தில் கருமுகில் போட்டிருக்கிறீர்கள். கச்சானில் அந்த முகில் ஏது? வானம் வெளிறிக் கிடக்கும், தொடுவானத்துக்கு அருகில் தூசியும் வெக்கையும் கலந்த மங்கலான மஞ்சள். செருலியன் நீலத்தை நிறையத் தண்ணீரில் கரைத்து மேலிருந்து இறக்குங்கள். கீழே வரும்போது யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள் ஒரு துளி. அவ்வளவு போதும். தூரத்துக் கரையைப் பச்சையாக்காதீர்கள். காய்ந்த காலத்துப் பற்றைக்காடு சாம்பல் கலந்த மண்ணிறமாகத்தான் தெரியும். காற்று கரையிலிருந்து வருவதால் உள்துறைமுகத்தில் பெரிய அலை எழாது. விமானத்தின் பின்பக்கம், அதாவது தூரம் போகப் போக, நீர் சிறு சிறு நெளிவாகக் கறுக்கும். கமராவுக்கு அருகில் கரையின் மறைவில் கொஞ்சம் அமைதியான நீர்.

இனி அந்த ஸ்டிக்கர் பிரச்சினை. நீங்கள் விமானத்தின் வெளிக்கோட்டை முழுக்கக் கூர்மையாக வெட்டி முடித்துவிட்டு, அதன் பிறகு சுற்றிவரக் கடலைப் பூசியிருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் எந்தப் பொருளும் நீரில் இறங்காது. உடலின் அடிப்பகுதியையும் நீரில் தெரியும் அதன் நிழலுருவையும் ஒரே மூச்சில் பூசுங்கள். உடலின் கரும் சாம்பல் ஈரமாக இருக்கும்போதே பிரஷை நேராகக் கீழே இழுத்து நீருக்குள் விடுங்கள், இரண்டும் ஒன்றோடொன்று கலக்கட்டும். நன்றாகக் காய்ந்த பிறகு, நீர்க்கோடு இருக்கவேண்டிய இடத்தில் மெல்லிய கருங்கோட்டை விட்டு விட்டு இழுங்கள். தொடர்ச்சியாக வேண்டாம். நிழலுரு எப்போதும் பொருளுக்கு நேர் கீழேதான் விழும், பக்கவாட்டில் சாயாது. வெளிச்சமான பகுதி நீரில் ஒரு படி கறுத்தும், கறுத்த பகுதி ஒரு படி வெளிறியும் தெரியும்.

கட்டாலினாவின் உடலமைப்பிலும் இரண்டு இடத்தில் சறுக்கியிருக்கிறீர்கள். இறக்கை உடலோடு ஒட்டியிருக்காது, ஒரு தடித்த தூண்மேல் உயர்ந்து நிற்கும், இரு பக்கமும் சாய்வுத் தாங்கிகள். பின்னேர வெயிலில் அந்த இறக்கை உடல்மேல் போடும் நிழல்தான் இந்தப் படத்தின் உயிர். அதை அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா மண்ணிறமும் கலந்து, தயங்காமல் ஒரே இழுப்பில் போடுங்கள். மற்றது, இறக்கை நுனிகளுக்குக் கீழே உள்ள மிதவைகள். கட்டாலினாவின் மிதவைகள் பறக்கும்போது மடிந்து இறக்கையின் நுனியாகிவிடும், நீரில் நிற்கும்போது கீழே இறங்கியிருக்கும். சண்டர்லாண்ட் என்ற மற்றப் பறக்கும் படகில் அவை மடியாது, எப்போதும் தொங்கும். நீரில் நிற்கும் பறக்கும் படகு பெரும்பாலும் ஒரு பக்கம் சற்றே சாய்ந்து, ஒரு மிதவை நீரைத் தொட, மற்றது கொஞ்சம் மேலே நிற்கும். நீங்கள் இரண்டையும் சமமாக அமிழ்த்திவிட்டதால் அது தரையில் ஊன்றிய மேசைபோல் ஆகிவிட்டது. அந்தச் சிறு சாய்வைக் கொடுத்துப் பாருங்கள், உடனே மிதக்கும்.

அளவையும் மனதில் வையுங்கள். கட்டாலினாவின் இறக்கை நுனிக்கு நுனி 104 அடி, உடல் நீளம் கிட்டத்தட்ட 64 அடி. நம்மவர்கள் கடலுக்குக் கொண்டுபோகும் 18 அடி வள்ளங்கள் ஆறை வரிசையாக நிறுத்தினால்தான் அந்த இறக்கையின் நீளத்தைச் சற்றே தாண்டும். உங்கள் படத்தில் வள்ளம் விமானத்தின் பாதி நீளத்துக்கு வந்துவிட்டது. இதைச் சரிபார்க்க எளிய வழி தொடுவானக் கோடு. பார்ப்பவரின் கண் நீருக்கு மேலே ஆறடி உயரத்தில் இருந்தால், அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் எல்லாப் பொருளையும் தொடுவானம் நீரிலிருந்து ஆறடி உயரத்தில்தான் வெட்டும். வள்ளத்தில் நிற்கும் ஆளின் தலை எங்கே வரவேண்டும் என்று அப்போது தானாகவே தெரிந்துவிடும்.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கறுப்பு வெள்ளைப் படத்தின் கருமையை நம்பி நிறத்தை ஊகிக்காதீர்கள். அந்தக் காலத்தில் சிவப்பை உணராத பிலிம் வகையும் புழக்கத்தில் இருந்தது. அதில் சிவப்பு கறுப்பாகவே விழும், மஞ்சளும் இருண்டுவிடும். நீங்கள் இறக்கையின் வட்டக்குறிக்கு நடுவில் சிவப்பு வைத்திருக்கிறீர்கள். 1942 ஏப்ரலுக்கு அது சரி. அந்த மாதம் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானி பேர்ச்சலின் கட்டாலினாதான் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பியது. மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தது, 9ஆம் திகதி நம்முடைய திருகோணமலையில். அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. அதன் பிறகு, ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பாமல் இருக்க, இந்தப் பக்கத்துப் பிரித்தானிய விமானங்களிலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டார்கள். உங்கள் படம் 1943. அடர்நீல வட்டத்துக்குள் வெளிறிய நடு, அப்படியே போடுங்கள்.

கடல் சேறாவதற்குக் காரணம், பாதி காய்ந்த பூச்சின் மேல் திரும்பவும் பிரஷ் வைப்பது. கச்சான் காலத்தில் வரைந்தால் பூச்சு கண்முன்னே காய்ந்து கோடு விழும். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காலையிலேயே வேலையைத் தொடங்குங்கள். மாரியில் நேர் எதிர், மணிக்கணக்காகக் காயாது, அப்போது ஹெயார் டிரையர் உதவும். ஒரு கலவையில் இரண்டு நிறம், மிஞ்சினால் மூன்று. கடதாசிக்கு, சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் வாங்குங்கள். இருபக்கமும் நனைத்துப் பலகையில் பசை நாடாவால் நான்கு புறமும் ஒட்டி, காய விட்டால் நெளியாது. கயிறுகளுக்கும் வெள்ளைக்கும், வர்ணம் படாமல் மறைக்கும் மாஸ்கிங் திரவம் பூசுகிறவர்கள் அதை நாட்கணக்கில் விடக்கூடாது. நான் ஒரு சித்திரை மாதம் நான்கு நாள் விட்டுவிட்டு உரித்தேன். வெக்கையில் இறுகி, கடதாசியின் தோலும் சேர்ந்து வந்தது. முழுப் படமும் போனது.

அப்புறம் உங்கள் பாய்க்கப்பல். அதன் கதை உங்களுக்குப் பிடிக்கும். 'திருகோணமலை' என்ற பெயரோடு 1817 ஒக்டோபர் 12இல் பம்பாயில் நீரில் இறங்கிய போர்க்கப்பல் அது. பார்சி சமூகத்து வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டினார்கள். முதலில் அனுப்பிய வரைபடம் 1812இல் ஜாவா என்ற கப்பலோடு அழிந்துபோக, இன்னொரு பிரதி வரும்வரை காத்திருந்து கட்டிய கப்பல். அந்தத் தேக்கின் பலம், இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூலில் மிதந்துகொண்டு நிற்கிறது.

அதில் உங்கள் பிழை இதுதான்: பாய்கள் முன்பக்கம் உப்பி நிற்க, கொடி மட்டும் பின்பக்கம் பறக்கிறது. எந்திரக் கப்பலில் அப்படி வரலாம். பாய்க்கப்பலைத் தள்ளும் காற்றே கொடியையும் தள்ளும், ஆகவே பாய் எந்தப் பக்கம் உப்புகிறதோ கொடியும் அந்தப் பக்கமே போகவேண்டும். கயிறுகளை எல்லாம் எண்ணி வரையத் தேவையில்லை. பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகள் தார் பூசியவை, அவற்றைக் கறுப்பில் அழுத்தமாகப் போடுங்கள். பாயை இழுக்கும் கயிறுகள் மங்கிய சணல் நிறம், அவற்றில் பத்தில் ஒன்றைக் காட்டினால் போதும், மிச்சத்தைக் கண் நிரப்பிக்கொள்ளும். பக்கத்தில் ஓடும் வெள்ளைப் பட்டை கடதாசியின் வெள்ளையாகவே இருக்கட்டும். இன்னொன்று, நீங்கள் பார்த்து வரைந்த புகைப்படம் இன்றைய கப்பல். 1840களில் அதன் பின்பக்கத்தை மாற்றியமைத்துப் பீரங்கிகளையும் குறைத்தார்கள். ஆகவே படத்தின் கீழே 1817 என்று எழுதாதீர்கள்.

பின்புலத்துக்காக நேரில் பார்த்து வரையப் போவதென்றால் கோணேசர் மலை, டச்சுக்குடாக் கடற்கரை போன்ற பொது இடங்களிலிருந்து வரையுங்கள். கடற்படைத் தளத்தையும் சீனக்குடா விமானப்படைப் பகுதியையும் அனுமதி இல்லாமல் படமெடுக்க வேண்டாம்.

கடைசியாக அம்மப்பாவின் வள்ளம். மூன்று படத்திலும் அவர் முகத்தைத் தேடித் தேடி வரைந்து அழித்திருக்கிறீர்கள், கடதாசியில் அந்தத் தழும்பு தெரிகிறது. அந்தத் தூரத்தில் முகம் வேண்டாம். தலைக்கு ஒரு கரும்புள்ளி, சட்டைக்கு வெயில் பட்ட வெள்ளை, கையில் கம்பு பிடித்த சாய்வு, அவ்வளவில் உங்கள் அம்மா ஆளை அடையாளம் கண்டுகொள்வார். ஆனால் அந்த வெள்ளைச் சட்டையைப் பிறகு வெள்ளை வர்ணத்தால் கொண்டுவர முடியாது. விமானத்துக்குக் கோடு போடும் முன்பே அவருடைய இடத்தைப் பென்சிலில் குறித்து, கடலைப் பூசும்போது அந்த நெல்லளவு கடதாசியைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.