வயிற்றுக்கும் பேஸ்மேக்கரா?

கேள்வி: இதயத்துக்கு இருப்பதுபோல வயிற்றுக்கும் பேஸ்மேக்கர் உண்டு என்கிறான் மருத்துவம் படிக்கும் என் பேரன். கதை விடுகிறானா? – வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: பேரன் சொல்வது சரிதான் ஐயா, மிரட்டாதீர்கள். குடல் சுவரின் தசை அடுக்குகளுக்கு நடுவே காஹால் செல்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது (1906இல் நோபல் பரிசு வாங்கிய ஸ்பெயின்காரர் காஹாலின் பெயர்), தாளம் போடுவது அவைதான். செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியம் கொஞ்சம் கசியும், அது பட்டதும் அனோ1 என்ற குளோரைடு வாசல் திறக்கும், எதிர்மின் சுமையுள்ள குளோரைடு வெளியே ஓட, செல்லின் மின்னழுத்தம் மாறி ஓர் அலை கிளம்பி பக்கத்துத் தசைக்குப் போகும். அந்த வாசல் இல்லாத எலிக்குட்டிகளின் குடலில் இந்த அலையே வரவில்லை! இரைப்பையில் நிமிடத்துக்கு சுமார் 3 அலை, முன்சிறுகுடலில் சுமார் 12. அலை வந்தாலே தசை சுருங்கிவிடாது, நரம்பின் தூண்டுதலும் சேர வேண்டும், நாசி கண்டார் (உங்கள் பினாங்கின் சோறும் குழம்பும்) இறங்கியதும் சேரும். அப்புறம் ஒன்று, நாள்பட்ட நீரிழிவில் இந்தச் செல்கள் குறைந்து சாப்பாடு இரைப்பையிலேயே தங்கலாம். உங்களுக்குச் சர்க்கரை இருந்து, சாப்பிட்டு வெகுநேரமாகியும் வயிறு கனத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.