தள்ளுபடி சூப்பர்மார்க்கெட் மளிகை தரத்திலும் குறைந்ததா?

கேள்வி இது: டி-மார்ட் போன்ற தள்ளுபடிக் கடையில் மாத மளிகை வாங்குவதற்கும், விலை கூடிய டிபார்ட்மென்டல் ஸ்டோரில் வாங்குவதற்கும் தரத்தில் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா?

கம்பெனி பாக்கெட்டில் கிடையாது. கடையே கட்டி விற்கும் பருப்பு, உளுந்து, முந்திரி, மிளகில் உண்டு. அங்கேயும் கடையின் பெயரைவிட ரகத்தைத்தான் பார்க்க வேண்டும். காய்கறி, பழம், ஃப்ரீசர் சாமான் மூன்றிலும் விலை கூடிய கடை பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

விலை எப்படிக் குறைகிறது என்பது தெரிந்தால் பாதிச் சந்தேகம் போய்விடும். 2002-இல் மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்த டி-மார்ட், பெரும்பாலும் சொந்த இடத்தில் கடை நடத்துகிறது; வாடகைச் சுமை குறைவு. சரக்கு கொடுத்தவர்களுக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து, அதற்கு ஈடாக விலையைக் குறைத்து வாங்குகிறது. ஒவ்வொரு சாமானிலும் பத்துப் பதினைந்து வகை அடுக்காமல், நன்றாக ஓடும் இரண்டு மூன்றை மட்டும் வைக்கிறது. இவற்றில் எதுவும் பாக்கெட்டுக்குள் இருக்கும் பொருளைத் தொடவில்லை. ஒரு கம்பெனியின் கோதுமை மாவு எந்தக் கடைக்குப் போனாலும் அதே மாவுதான்.

சரக்கு வேகமாக ஓடும் கடையில் ரவை, மைதா, மசாலாப் பொடி, பிஸ்கட் போன்றவை புதிதாகவே கிடைக்கும். விலை கூடிய கடையில் அபூர்வமாக விற்கும் சாமான்கள், அதாவது ஆலிவ் எண்ணெய், வெளிநாட்டு சாஸ், சிறுதானிய நூடுல்ஸ் போன்றவை மாதக்கணக்கில் அலமாரியில் நிற்கும். அங்கே தேதியை இன்னும் கவனமாகப் பாருங்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று இருந்தால் எந்தக் கடையானாலும் முதலில் தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

கம்பெனி பாக்கெட்டில் ஏமாறுவது எடையில். ஒரு லிட்டர் போலவே தெரியும் எண்ணெய்ப் பாக்கெட்டில் 850 மில்லி இருக்கும், சிலவற்றில் 800. சூரியகாந்தி எண்ணெயோ கடலை எண்ணெயோ, முழு லிட்டர் என்றால் ஏறக்குறைய 910 கிராம் வர வேண்டும். இப்போது பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பதையும் அச்சடிக்கிறார்கள். அந்தக் கணக்கு எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது. தள்ளுபடி விலையை வைத்து நீங்களே ஒருமுறை வகுத்துப் பார்த்தால்தான் எந்த பாக்கெட் லாபம் என்று தெரியும். அரிசி மூட்டையிலும் இதே கவனம் வேண்டும். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய பைக்கு ஜிஎஸ்டி வந்ததால் 26 கிலோ மூட்டைகள் புழக்கத்துக்கு வந்தன. மூட்டை விலையை மூட்டை விலையோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். கிலோ விலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இனி, கடையே கட்டி விற்கும் சாமான்கள். தர வித்தியாசம் நிஜமாக இருப்பது இங்கேதான்.

துவரம்பருப்பை எடுத்துக்கொள்வோம். ஒரே நாளில் இரண்டு கடையிலும் அரைக் கிலோ வாங்கி, சமையலறைத் தராசில் 100 கிராம் நிறுத்து ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். உடைந்தது, தோல் ஒட்டியது, நிறம் மாறியது, ஓட்டை விழுந்தது, கல் குப்பை என்று பிரித்துத் தனித்தனியாக நிறுங்கள். முதல் ரகத்தில் பருப்பு ஒரே அளவாக இருக்கும், உடைசல் மிகக் குறைவு. இரண்டாம் ரகத்தில் உடைசல் கண்ணில் படும் அளவுக்கு இருக்கும். உடைசல் கூடினால் சாம்பாருக்கு ஒன்றும் குறையில்லை, எப்படியும் மசிக்கத்தான் போகிறோம். ஓட்டையும் நிறம் மாறியதும் கூடினால்தான் வாங்கக் கூடாது, அது பூச்சி விழுந்த அல்லது ஈரம்பட்ட சரக்கு. அளவுக்கு மீறிப் பளபளப்பது மெருகு ஏற்றிய பருப்பு. அந்தப் பளபளப்பில் சத்தும் இல்லை, ருசியும் இல்லை. தென் மாவட்டங்களில் விரும்பி வாங்கும் செம்மண் கட்டிய பருப்பு, அதாவது துவரையில் செம்மண் பூசிக் காயவைத்து உடைத்தது, நடுவில் சற்றே குழிந்திருக்கும், வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதைப் பழைய சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம்.

அடுத்து வேகவைத்துப் பாருங்கள். இரண்டிலும் 50 கிராம், தலா 300 மில்லி தண்ணீர், ஒரே மாதிரிப் பாத்திரம், குக்கர் வேண்டாம். கொதி வந்ததிலிருந்து விரலில் நசுங்கும்வரை நேரம் பாருங்கள். பருப்பு வெப்பத்திலும் ஈரத்திலும் நாள்பட்டுக் கிடந்தால் எவ்வளவு வேகவைத்தாலும் மசியாது. பாக்கெட்டில் இருப்பது கட்டிய தேதி. விளைந்த தேதி அல்ல. நேற்றுக் கட்டிய பாக்கெட்டுக்குள் போன வருஷத்துச் சரக்கு இருக்க முடியும். அதனால் தேதியைவிட இந்தச் சோதனைதான் உண்மையைச் சொல்லும். போர்வெல் தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள். கடினநீரில் உள்ள கால்சியம் பருப்பின் பெக்டினோடு சேர்ந்து இறுகிப்போவதால் நல்ல பருப்பும் வேகாது. கடையின் மேல் போடும் பழியில் ஒரு பங்கு தண்ணீர் மேல் போட வேண்டியது. சோதனைக்குக் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ போதும்.

உளுந்துக்கு வேறு சோதனை. பழைய உளுந்து மாவு காணாது. 100 கிராம் உருட்டு உளுந்தை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, குளிர்ந்த நீர் தெளித்து, அளந்த தண்ணீரில் அரைத்து, அளவுக் கோப்பையில் எத்தனை மில்லி வருகிறது என்று பாருங்கள். இரண்டு கடை உளுந்துக்கும் ஒரே அளவு தண்ணீர், ஒரே நேரம். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். கிலோவுக்குப் பதினைந்து இருபது ரூபாய் கூடுதலான உளுந்து கால் பங்கு மாவு அதிகம் கண்டால் விலை கூடியதுதான் மலிவு. உளுந்தில் மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள் என்றே சொல்வேன். இட்லி கல்லாகிப் போனால் அரிசியும் சேர்ந்து வீணாகிறது.

முந்திரியில் விலை வித்தியாசத்தைப் பார்த்து மலைக்கிறவர்கள் அதிகம். டபிள்யூ 180, 210, 240, 320, 450 என்ற எண்கள் ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு என்பதைக் குறிக்கின்றன. எண் கூடக்கூடப் பருப்பு சிறிதாகும். 100 கிராம் நிறுத்து எண்ணுங்கள்: 40-க்குள் வந்தால் 180, ஐம்பதை ஒட்டி வந்தால் 240, 66 முதல் 70 வந்தால் 320. விலை கூடிய கடை 240 வைத்திருக்கும், தள்ளுபடிக் கடை 320 வைத்திருக்கும், இரண்டிலும் வெறும் 'முழு முந்திரி' என்று எழுதியிருக்கும். அளவுதான் வேறு, ருசி ஒன்றே. பாயசத்துக்கும் பொங்கலுக்கும் பிளவு முந்திரி அல்லது துண்டு முந்திரி போதும், விலை நன்றாகக் குறையும். தரக் குறைவு என்பது சிக்கு வாடை. அதைப் பாக்கெட்டுக்கு வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் பிரித்ததும் ஒன்றை மென்று பாருங்கள், வாடை இருந்தால் பில்லோடு திருப்பிக் கொடுங்கள். கடலூர், பண்ருட்டிப் பக்கம் இருப்பவர்கள் இதற்கெல்லாம் சூப்பர்மார்க்கெட் போக வேண்டியதே இல்லை.

மிளகுக்குத் தராசே போதும். நல்ல கனத்த மிளகு லிட்டருக்கு 550 கிராம் நிற்கும். 100 மில்லி அளவுக் கோப்பையில் தட்டாமல் நிரப்பி நிறுத்தால் 55 கிராமை ஒட்டி வர வேண்டும். நாற்பதுகளில் நின்றால் பொக்கு மிளகு கலந்திருக்கிறது. எடைக்கு எடை வாங்குவதால் நஷ்டமில்லை என்று தோன்றும். ஆனால் பொக்கில் பெரும்பாலும் தோல்தான், உள்ளே நிறைந்திருக்காது.

காபித் தூளில் ஒரு கணக்கு. காபி–சிக்கரிக் கலவையில் சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம், விகிதத்தை லேபிளில் போட்டாக வேண்டும். 60:40 தூள் 500 கிராமில் காபி 300 கிராம்தான், 80:20-இல் 400. விலையைக் காபியின் எடைக்கு வகுத்துப் பார்த்துவிட்டு எந்தக் கடை மலிவு என்று முடிவு செய்யுங்கள்.

கடையின் சொந்த பிராண்டு சாஸ், ஜாம், நூடுல்ஸ் பற்றி ஒரு பேச்சு உண்டு: 'பெரிய கம்பெனி ஆலையில்தான் இதையும் செய்கிறார்கள், அதனால் ஒன்றேதான்.' ஆலை ஒன்றாக இருக்கலாம், பக்குவம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாகத்தான் இருக்கும். கெட்சப்பில் தக்காளி விழுதின் சதவீதத்தையும் 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்பதையும் இரண்டு பாட்டிலிலும் ஒப்பிடுங்கள். யார் தயாரித்தது என்பதை 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண் சொல்லும். 100 என்று தொடங்கினால் மத்திய உரிமம், 124 என்று தொடங்கினால் தமிழ்நாட்டில் கொடுத்த உரிமம். தயாரித்தவர், கட்டியவர், விற்பவர் மூவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் தயாரித்தவரின் எண்ணைப் பாருங்கள்.

மலிவாகத் தெரியும் சில சாமான்கள் வேறு சாமான்களே. ஃப்ரோசன் டெசர்ட் என்று இருந்தால் அது ஐஸ்கிரீம் அல்ல, பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய். பழ பானம் என்றால் பெரும்பாலான பழங்களில் சாறு 10 சதவீதம் இருந்தாலே போதும். பன்னீர் போலவே இருக்கும் அனலாக் வகையில் தாவரக் கொழுப்பு இருக்கும், லேபிளில் அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும். கலப்பு எண்ணெய்ப் பாக்கெட்டின் முன்பக்கம் கடலை படம் போட்டிருந்தாலும் பின்னால் விகிதத்தைப் படியுங்கள். கடலை எண்ணெய் 20 சதவீதமும் மீதி வேறு எண்ணெயும் இருக்கலாம். ஃப்ரிட்ஜில் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள். நல்ல கடலை எண்ணெயும் குளிரில் கலங்கி உறையத் தொடங்கும். நல்லெண்ணெய் வரிசைக்குப் பக்கத்திலேயே விளக்கேற்றும் எண்ணெயை அடுக்கியிருப்பார்கள். பாட்டில் ஒரே மாதிரி இருக்கும், விலை பாதியாக இருக்கும். அது சமையலுக்கானதே அல்ல. இந்த ஒன்றில் மட்டும் வீட்டுப் பெரியவர்களையும் கடைக்கு அனுப்பும் பிள்ளைகளையும் எச்சரித்து வையுங்கள்.

ஃப்ரீசர் சாமானில் கடையின் பராமரிப்புதான் தரம். மைனஸ் 18 டிகிரி விடாமல் இருந்தால் பட்டாணி பாக்கெட்டைக் குலுக்கும்போது உதிரியாகக் கலகலக்கும். ஒரே கட்டியாக இருந்தால் ஒருமுறை உருகி மீண்டும் உறைந்திருக்கிறது. பாக்கெட்டுக்குள் பனித்தூள் படிந்திருந்தாலும் அதே கதைதான். கூட்டம் அலைமோதும் கடையில் ஃப்ரீசர் கதவு திறந்து மூடிக்கொண்டே இருக்கும், தள்ளுவண்டியில் எடுத்து வைத்துவிட்டு வேண்டாம் என்று திருப்பி வைப்பவர்களும் அதிகம். வார நாள் காலையில் போங்கள், மேலே கிடப்பதை விட்டுவிட்டு அடியிலிருந்து எடுங்கள், பில் போடுவதற்கு முன் கடைசியாக எடுங்கள்.

காய்கறியில் விலை கூடிய கடைக்குக் கொடுக்கும் அதிகப் பணம் பொறுக்கிய கூலி. அழுகல், சொத்தை, முற்றலை அவர்கள் கழித்துவிடுகிறார்கள். வீட்டில் கழிவு குறைகிறது. வெண்டை, கத்தரி, பீன்ஸ், கீரைக்கு இது பொருந்தும். வெங்காயம், உருளை, பூண்டு, தேங்காய்க்கு அந்தப் பணம் தேவையில்லை. உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் காலை ஏழு மணிக்குள் போய்விடுவது இரண்டு கடையையும்விட மேல். மெழுகு மின்னும் ஆப்பிள் எந்தக் கடையில் இருந்தாலும் குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் இருந்திருக்கலாம். ஸ்டிக்கரில் நான்கு இலக்க எண் என்றால் சாதாரண விளைச்சல், 9-இல் தொடங்கும் ஐந்து இலக்கம் என்றால் இயற்கை விளைச்சல். புதிதா பழையதா என்று அந்த எண் சொல்லாது.

தள்ளுபடிக் கடையில் வாங்கிக் கெட்டுப்போவதில் பெரும்பகுதி வீட்டுக்கு வந்தபின் கெடுவது. மலிவு என்று இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஐந்து கிலோ ரவையும் ஒரு கிலோ மல்லித்தூளும் வாங்கினால் ஒன்றில் வண்டு விழும், மற்றதில் மணம் போகும். மசாலாப் பொடியை ஆறு வாரத்துக்கு மேல் வருகிற அளவு வாங்காதீர்கள். ரவையை வாங்கிய அன்றே லேசாக வறுத்து ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள். பருப்பைப் பாக்கெட்டோடு நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்தபின் குளிர் முழுக்க விட்ட பிறகே பிரியுங்கள். உடனே பிரித்தால் ஈரம் கோத்து, பூச்சிக்குப் பதில் பூஞ்சை வந்துவிடும்.